கழுத்துப் பட்டையில் ஒரு நூல்

ஓசூரில் இப்படிக் குளிரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கோவில்பட்டிக்காரிக்கு மார்கழி என்றால் கோலம் போடும்போது காதை மூடிக்கொள்கிற அளவுக்கு ஒரு குளிர். எட்டு மணி வெயில் அதையும் துடைத்துவிடும். இங்கே காலை ஏழு மணிக்கு இறங்கி நிற்கிறேன், எதிரே நிற்கும் பஸ்ஸின் பலகை தெரியவில்லை. பஸ்ஸே பாதிதான் தெரிந்தது. ஆட்கள் பனிக்குள்ளிருந்து திடீரென்று முளைத்தார்கள், நாலு எட்டு வைத்ததும் காணாமல் போனார்கள்.

நான் துணி விற்கிறவள். கடையெல்லாம் இல்லை. நைட்டி, உள்பாவாடை, சேலை என்று மூட்டை கட்டி வீடு வீடாகப் போவேன். உள்ளேயிருந்து நடந்து வருகிறவளைப் பார்த்தே அவள் எந்த நிறத்தை எடுப்பாள் என்று சொல்லிவிடுவேன். ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். எனக்கு ஆடையைப் பார்த்தாலே ஆள் முழுசாகத் தெரியும் என்றொரு மிதப்பு.

நான் வந்தது என் மகள் ராஜியைப் பார்க்க. இருபத்திரண்டு வயது. ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் விடுதியில் தங்கி, செல்போனுக்குப் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. வந்து எட்டு மாதம். போன் போட்டால் எடுக்கமாட்டாள். தினமும் ஒரு மெசேஜ் வரும்: "நல்லா இருக்கேன். வேலை அதிகம்." நேற்றைக்கு வந்ததே இன்றைக்கும் வரும், ஓர் எழுத்து மாறாது. கடைசியில் அதை அனுப்புவது என் பிள்ளைதானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகம் வந்த அன்றே பஸ் ஏறினேன்.

அம்மன் விரதத்துக்கு மாலை போட்டிருந்ததால் சிவப்புச் சேலை, சிவப்பு ரவிக்கை. மாலை போட்டவளுக்குப் பெயர் கிடையாது. கண்டக்டரிலிருந்து கட்டணக் கழிப்பறைக்காரர் வரை எல்லோருக்கும் நான் "சக்தி"தான்.

ஜூஜுவாடிக்கு எந்த பஸ் என்று கேட்டேன். பனிக்குள்ளிருந்து ஒரு கை ஒரு பஸ்ஸைக் காட்டியது. ஏறி உட்கார்ந்தேன். கொத்தமல்லிக் கட்டுகளின் ஈரம் காலடியில் ஓடியது. கண்டக்டர் கன்னடத்தில் என்னவோ கேட்டார், நான் தலையை ஆட்டி வைத்தேன். அதற்குப் பலன் அத்திப்பள்ளியில் இறங்கியதும் தெரிந்தது. ஜூஜுவாடியும் தாண்டி, தமிழ்நாடும் தாண்டிவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து என் முன்னால் மண்டியிட்டாள். கன்னடத்தில் கெஞ்சினாள். பக்கத்தில் பூ விற்றவள் தமிழில் சொன்னாள்: "கொழந்தைக்கு காச்சலாம், சக்தி. நெத்தில கை வெச்சி ஒரு வார்த்த சொல்லணுமாம்."

நான் நைட்டி விற்கிறவள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கை தானாகக் குழந்தையின் நெற்றிக்குப் போய்விட்டது. "சரியாயிரும், போ" என்றேன். குரல் என்னுடையதுதான். ஆனால் அத்தனை சாந்தமாக நான் என் வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். சேலை பேசியதா நான் பேசினேனா என்று குழம்பிக்கொண்டே அடுத்த பஸ் ஏறினேன்.

ராஜியின் விடுதி இருந்த சந்து முழுக்க ஐந்து மாடிக் கட்டடங்கள். அண்ணாந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஒவ்வொரு மொட்டை மாடியிலும் கொடி கட்டி, சாம்பல் நீலக் கோட்டுகளைக் காயப்போட்டிருந்தார்கள். நூற்றுக்கணக்கில் இருக்கும். பனியில் கட்டடத்தின் நடுப்பகுதி தெரியவில்லை, கோட்டுகள் மட்டும் அந்தரத்தில் நின்றன. காற்று வந்தபோது எல்லாக் கைகளும் ஒரே பக்கமாக எழும்பி ஒன்றாக இறங்கின. துணியைப் பார்த்து நான் பயந்தது என் வாழ்க்கையில் அன்றுதான்.

விடுதி வாசலில் ஒரு அம்மாள் நோட்டைப் புரட்டினாள். "ராஜேஸ்வரி, கோவில்பட்டி. இருக்குதும்மா. ஆனா பாக்க வர்றவங்க லிஸ்ட்ல யாரையுமே எழுதிக் குடுக்கலியே அந்தப் பொண்ணு. உள்ள வுட முடியாது."

"நான் பெத்த தாய்ம்மா!"

"அல்லாரும் அப்டித்தாம்மா சொல்றாங்க."

"புள்ள நல்லா இருக்காளா? அதையாச்சும் சொல்லுங்க."

"நைட் டூட்டிக்குப் போய்க்கினு வந்துகினுதான் இருக்குது. கேட்ல அட்டை நம்பர் பதிவாவுது பாருங்க. மூஞ்சி எனக்குத் தெரியாதும்மா. இத்தினி பேருல எந்த மூஞ்சின்னு நான் வெச்சிக்கிறது?"

நம்பர் நலமாக இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளவா இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன் என்று அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. போன் போட்டேன். வழக்கம்போல் எடுக்கவில்லை. "ஜூஜுவாடி வந்திருக்கேன். வெளிய வாட்டி" என்று மெசேஜ் போட்டுவிட்டு, எதிரே இருந்த டிபன் கடையில் போய் உட்கார்ந்தேன்.

கடைக்காரி சாந்தா திண்டுக்கல் பக்கத்தவள், வந்து பன்னிரண்டு வருடம். தட்டு அகலத்துக்கு ஒரு இட்லி வைத்தாள், மேலே பிதுக்குப் பருப்புக் குழம்பு. மொச்சையின் தோலைப் பிதுக்கி எடுத்துச் செய்வது. மார்கழியில் இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் அதுதானாம். வாசனை அருமை. ஆனால் குழம்பில் ஏனோ ஒரு வெல்லத் தித்திப்பு. எங்கள் ஊரில் குழம்பு இனித்தால் சமைத்தவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவோம். இங்கே பசியில் இரண்டு முறை வாங்கி ஊற்றிக்கொண்டேன்.

"காலைல ஆறரைக்கு நைட் ஷிப்டு பஸ்ஸு வரும்க்கா. அதுலதேன் உங்க மக எறங்கும். ஆனா பாத்துக்கங்க, கோட்டு, தொப்பி, முகமூடி. குளிருக்கு ரூமுக்குப் போறவரைக்கும் ஒருத்தியும் கழட்ட மாட்டா. எங்கிட்டயே மாசக்கணக்குல இட்லி வாங்குற புள்ள, லீவுநாள்ல சுடிதாரோட வந்தா நீ யாரும்மான்னு கேக்குறேன்."

"பெத்தவளுக்கா தெரியாது?" என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். கடைக்குப் பின்னால் ஓர் அறையில் எனக்குப் பாய் கொடுத்தாள்.

மறுநாள் ஆறு மணிக்கே போய் நின்றேன். பனி முந்தின நாளைவிட அடர்த்தி. நாலு பஸ்கள் வரிசையாக வந்தன. கதவு திறந்ததும் பெண்கள் இறங்கத் தொடங்கினார்கள். ஒரே கோட்டு, ஒரே தொப்பி, ஒரே முகமூடி, தூக்கமில்லாத ஒரே கண். பேச்சுச் சத்தமே இல்லை. செருப்புச் சத்தம் மட்டும். "ராஜி!" என்று கத்தினேன். ஏழெட்டுத் தொப்பிகள் ஒன்றாகத் திரும்பின. எல்லாக் கண்களும் என்னைப் பார்த்தன, பிறகு எல்லாமே ஒன்றாகத் திரும்பிக்கொண்டன.

அப்போதுதான் ஒரு கை என் கையைப் பிடித்தது. "வந்துட்டியாம்மா" என்று முகமூடிக்குள்ளிருந்து கரகரத்த குரல். ராஜியின் உயரம். ராஜியின் ஒல்லி உடம்பு. எனக்கு அழுகை பொங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்தபடி நடந்தாள், நானும் நடந்தேன்.

நடக்க நடக்க எல்லாவற்றையும் கொட்டினேன். நடந்தது இதுதான். ராஜியைப் பெண் பார்க்க ஆள் வந்த அன்று, நான் எடுத்து வைத்திருந்த மாம்பழ மஞ்சள் பட்டுச் சேலையைக் கட்டாமல் ஜீன்ஸ் பேன்ட்டோடு வந்து நின்றாள். வந்தவர்கள் முன்னாலேயே கன்னத்தில் அறைந்தேன். "இந்தத் துணியில நீ எம் மகளே இல்ல" என்றேன். அடுத்த வாரம் ஓசூருக்கு பஸ் ஏறிவிட்டாள்.

"அன்னைக்கு அடிச்சது தப்புத்தான்டி. நாலு பேருக்கு முன்னால உன்ன அப்படிச் சொல்லியிருக்கப்படாது. நெனச்சு நெனச்சு அழுதேன்ட்டி" என்றேன். எட்டு மாதம் வாய்க்குள் வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவள் என் கையை மட்டும் இறுக்கினாள்.

இரண்டு தெரு தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் நின்றாள். முகமூடியை இறக்கினாள். மூக்குத்தியும் முன்பல்லில் சின்ன இடைவெளியும். என் பிள்ளை இல்லை.

"யாரும்மா நீ?"

"மஞ்சுளாங்க. ஊரு மத்தூருங்க. எங்கம்மாவும் மால போட்டுக்கினு இருக்குதுங்க, இன்னிக்கி வர்றன்னு சொல்லிச்சி. பனியில மூஞ்சி தெரியல, செவப்புச் சேலயப் பாத்ததும் அம்மான்னு நெனச்சி கையப் புடிச்சிட்டங்க."

"நான் பேசினதக் கேட்டதும் தெரியலையா?"

"பேசறதுக்கு முன்னயே தெரிஞ்சிச்சிங்க. எங்கம்மா கை காஞ்சி போயிருக்கும். உங்க கை அப்டி இல்ல." அவள் தரையைப் பார்த்தாள். "ஆனா நீங்க தப்புத்தான்னு சொன்னீங்க பாருங்க. எங்கம்மா எங்கிட்ட அப்டி ஒருநாளும் சொன்னதில்லிங்க. அதான் முழுசா கேட்டுடலாம்னு வந்தன். கோச்சிக்காதீங்க."

எனக்கு ஆத்திரமா, அவமானமா, அந்தப் பெண்மேல் இரக்கமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவள் என்னை டிபன் கடைவரை கொண்டுவந்து விட்டாள். போகும்போது திரும்பி நின்று தன் கழுத்தின் பின்பக்கத்தைக் காட்டினாள். கோட்டின் பட்டையில் பச்சை நூலால் ஒரு குட்டிப் பெருக்கல் குறி.

"கோட்டெல்லாம் ஒண்ணா சலவைக்குப் போவுதுங்க. எது யாருதுன்னு தெரியாது. அதுக்குத்தான் அவங்கவங்களுக்குப் புடிச்ச கலர்ல நூல் போட்டு வெச்சிக்கிறது. உங்க பொண்ணும் போட்டிருக்கும். பின்னாலருந்து பாத்தா கண்டுபுடிச்சிடலாம்."

மத்தியானம் சாந்தாவின் கடையில் உட்கார்ந்திருந்தபோது மெசேஜ் வந்தது. எட்டு மாதத்தில் முதல்முறையாக வேறு வாசகம்.

"காலைல உன்ன பாத்தேன். பக்கத்துலதான் நின்னேன். நீ வேற பொண்ணு கையப் புடிச்சிட்டு அழுதுட்டே போன."

காலையில் என்னைத் தாண்டிப் போன கண்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாமே ஒரே கண்ணாகத்தான் ஞாபகம் வந்தது. என் பிள்ளை கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்று, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "ஏன்ட்டி கூப்புடல?" என்று எழுதினேன்.

"கூட்டத்தப் பாத்துக் கத்துன. என்னப் பாத்துக் கூப்புடுவன்னு நின்னேன்."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "நாளைக்கும் அதே பஸ்லதான் வருவேன். கழுத்துல நூல் போட்டிருக்கேன். நீ துணிக்காரிதான. கண்டுபுடி. கண்டுபுடிச்சா பேசலாம். இல்லன்னா ஊருக்குப் போயிரும்மா."

அன்றைக்கு மீதிப் பொழுதெல்லாம் ஜூஜுவாடித் தெருக்களில் சுற்றினேன். லாரிகள் போகும்போதெல்லாம் கடைகளின் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு ரெடிமேட் கடை வாசலில் பொம்மைகளுக்குச் சுடிதார் போட்டு வைத்திருந்தார்கள். தூசிக்காகத் தலையில் பிளாஸ்டிக் உறை. வியாபாரப் பழக்கத்தில் ஒன்றின் கையைத் தொட்டுத் துணியைத் தேய்த்துப் பார்த்தேன். உறைக்குள் அந்த முகம் என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன். எந்த உருவத்தைப் பார்த்தாலும் உள்ளே ராஜி இருப்பாளோ என்று பயமாக இருந்தது.

ஆனாலும் மனதுக்குள் தைரியம்தான். நூலைப் பார்த்து நிறம் சொல்வது எனக்கு என்ன பிரமாதம்? மத்தூர்ப் பெண்ணுக்குப் பச்சை. என் பெண்ணுக்கு?

மஞ்சள் என்று நினைத்தேன். மஞ்சள் எனக்குப் பிடித்தது. ஊதாவா? பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு ஊதாப் பாவாடை கட்டினாள். அதுவும் மூட்டையில் மிஞ்சியதால் நான் தைத்துக் கொடுத்தது. ரோஸ், மெரூன், மயில் கழுத்து என்று அவள் உடுத்திய ஒவ்வொன்றையும் நினைவுக்குக் கொண்டுவந்தேன். எல்லாம் நான் எடுத்தது. தெருவில் எத்தனை பெண்களிடம் "எந்தக் கலர்ம்மா வேணும்" என்று கேட்டிருக்கிறேன். பெற்ற பிள்ளையிடம் கேட்டதே இல்லை. அவளாக எடுத்தது அந்த ஒரு ஜீன்ஸ்தான். அதையும் நான் அடுப்பில் போட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை. பஸ்கள் வந்தன. நான் கத்தவில்லை. விடுதி கேட்டின் ஓரத்தில் நின்று, உள்ளே போகிறவர்களின் கழுத்தை மட்டும் பார்த்தேன். சிவப்புப் புள்ளி. நீலக் கோடு. வெள்ளையில் ஒரு மீன். ஆரஞ்சில் பூ. கறுப்பு முடிச்சு. எல்லாமே இவளாக இருக்கலாம் என்று தோன்றியது. எதுவுமே இவள் என்று நெஞ்சு சொல்லவில்லை. ஒருத்தியின் நடை ராஜிபோல இருந்தது, அவளுக்கு அடுத்தவளின் நடையும் அப்படியே இருந்தது. ஒருத்தி என் தோளை உரசிக்கொண்டு போனாள். நான் கையை நீட்டினேன். நேற்றுப்போலத் தப்பான கையைப் பிடித்துவிட்டால் என்ற பயத்தில் மடக்கிக்கொண்டேன்.

கடைசிப் பெண்ணும் உள்ளே போனாள். கேட்டைச் சாத்தினார்கள். பனிக்குள் நான் மட்டும் நின்றேன்.

போன் அதிர்ந்தது. "பரவால்லம்மா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மூடின கேட்டுக்கு முன்னால் நின்று வாய்விட்டு அழுதேன். வழியில் போன ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு எனக்குக் கும்பிடு போட்டார். என்மேல் அம்மன் வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார். அந்தச் சேலையைப் பிய்த்து எறியலாம் போலிருந்தது.

சாந்தாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். கிருஷ்ணகிரிவரை போகும் சாதா பஸ், ஊருக்கு ஊர் நின்றது. சூளகிரியில் தக்காளிக் கூடைகள் ஏறின. ஜன்னலோரம் உட்கார்ந்து, இனி என்ன மெசேஜ் போடுவது என்று யோசித்தேன். மன்னிப்பைக் கேட்டாகிவிட்டது. அதுவும் வேறொருத்தியின் காதில் விழுந்துவிட்டது. அதையே திரும்ப எழுதினால் அது அவளுடைய "நல்லா இருக்கேன்" மாதிரிதான் இருக்கும். கடைசியில், கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது. எழுதினேன்:

"உனக்கு எந்தக் கலருட்டி புடிக்கும்?"

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. ராத்திரி ஷிப்டு முடித்தவள், தூங்கியிருப்பாள் என்று நினைத்தேன். குருபரப்பள்ளி நெருங்கும்போது போன் அதிர்ந்தது.

"இத இவ்ளோ நாளா நீ கேட்டதே இல்ல."

அதைத் தொடர்ந்து இன்னொன்று: "எங்க இருக்க? நாளைக்கு ஞாயிறு, லீவு. நேர்ல வந்து கேளு."

"எறக்கிவிடுங்க!" என்று எழுந்த வேகத்தில் ஒரு கூடையை உதைத்துவிட்டேன். தக்காளிகள் பஸ் முழுக்க உருண்டன.

"சக்தி, கிருஷ்ணகிரி இன்னும் வர்லியே!" என்றார் கண்டக்டர்.

"என் பேரு பாப்பாத்தி. எறக்கிவிடுங்கய்யா" என்றேன்.

நெடுஞ்சாலையைத் தாண்டி, ஓசூர் போகும் பக்கம் வந்து நின்றேன். பனி விலகி வெயில் வந்திருந்தது. நாளைக்கு அவள் கோட்டு போட்டிருக்க மாட்டாள். கழுத்தில் நூலும் இருக்காது. என்ன உடுத்தி வருவாள் என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ பெண்கள் நடமாடும் அந்தத் தெருவில், என் பிள்ளையை எனக்கு மறுபடியும் அடையாளம் தெரியாமல் போகலாம். அந்தப் பயத்தை மறைக்காமல் அப்படியே எழுதி அனுப்பினேன்: "எனக்குத் தெரியலன்னா நீ கூப்புடுட்டி. எந்தத் துணியில வந்தாலும் திரும்பிப் பாப்பேன்."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் பதில் வந்தது.

"சரி. கூப்புடுறேன்."